எலுமிச்சம்பழ அட்டை

பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வீட்டில் வீணாகப் போகிற பொருள் எதையாவது வைத்து அழகாக ஒன்று செய்துகொண்டு வர வேண்டுமாம். அவள் செய்ய வேண்டியதை அவளுடைய அம்மா செய்துகொண்டிருந்தாள். அதுதானே இப்போதைய வழக்கம். செல்போனை ஊறுகாய் ஜாடிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் தெரிந்த பெண் செய்வதைப் பார்த்துப் பார்த்து முட்டை அட்டையைக் கத்தரித்து, குழியை இதழ் இதழாக வளைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்தாள். ரோஜாவாம். எனக்கு அது வதங்கிய கத்தரிக்காய் மாதிரிதான் தெரிந்தது. சொல்லவில்லை. மருமகளிடம் எதைச் சொல்லலாம், எதை விழுங்கிவிடலாம் என்பதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு.

ஈரம் பட்டதும் அந்த அட்டையிலிருந்து ஒரு வாசம் கிளம்பியது பாருங்கள். மழையில் நனைந்த பழைய பேப்பர் மாதிரி, ஊறவைத்த வைக்கோல் மாதிரி, ரெண்டும் இல்லாத மாதிரி. அவ்வளவுதான், நான் சோபாவில் இல்லை. புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், செண்பகம் அண்ணிக்கு எதிரில், மடியில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஜில்லா என்றால் எங்களுக்குத் திருச்சி ஜில்லாதான். ஆனால் அம்மா கடைசிவரை சமஸ்தானம் என்றுதான் சொல்வாள். தசராவுக்கு அரண்மனையில் அரிசியும் அம்மன் காசும் கொடுத்த காலத்தை நேற்று நடந்ததுபோலப் பேசுவாள். அப்பா நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே தவறிவிட்டார். வல்லத்திராக்கோட்டையில் கொஞ்சம் நிலம், டவுனில் இந்த வீடு, ஒரு மகன், ஒரு மகள், இவற்றை வைத்துக்கொண்டு அம்மா ஒரு ராஜ்யமே நடத்தினாள். அந்த ராஜ்யத்தின் முதல் சட்டம், வீடு சைவம்.

எவ்வளவு சைவம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேக்கில் அந்தச் சமாச்சாரம் சேர்ப்பார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து, பாவம், ஒரு பாவமும் செய்யாத பன் ரொட்டிக்கும் எங்கள் வீட்டில் தடை. மற்ற வீடுகளில் பிள்ளைகள் கணக்கில் பூஜ்யம் வாங்கினால் “முட்டை வாங்கியிருக்கான்” என்று திட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதுகூடக் கிடையாது. “சைபர் வாங்கியிருக்கா” என்பாள் அம்மா. நான் நிறைய சைபர் வாங்கியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குச் சர்க்கார் பார்த்துப் பார்த்துக் கொடுத்த உத்தியோகம், கோழி வளர்ப்பது.

குன்றாண்டார்கோவில் பி.டி.ஓ. ஆபீசில் கோழி அபிவிருத்தித் திட்டம் என்று ஒன்று வந்திருந்தது. வெள்ளை வெளேரென்று சீமைக் கோழிகளை இறக்கி, குஞ்சு பொரிக்க வைத்து, கிராமத்து வீடுகளுக்குக் கொடுக்கிற வேலை. அண்ணனை அதில் போட்டுவிட்டார்கள். அண்ணன் அம்மாவிடம், “விவசாயப் பக்கந்தாம்மா” என்று சொல்லிவிட்டான். கோழியும் ஒருவகையில் விவசாயம்தானே என்று அவனுக்கு அவனே சமாதானம். அம்மா அதைத் தெருவில் சொல்லும்போது, “பயிர் பச்சை பாக்குற வேலை, வெயில்ல அலையறான் பிள்ளை” என்று ஆகிவிட்டது. கல்யாணமாகி முதல் வாரமே அண்ணன் உண்மையை அண்ணியிடம் சொன்னான். அண்ணி அந்த மாதமே என்னிடம் சொன்னாள். அப்புறம் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அம்மாவைக் காப்பாற்றினோம்.

குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டரோடு கட்டுக் கட்டாக வந்தவைதான் இந்தக் கூழ் அட்டைகள். ஊரில் யாரும் அதுவரை பார்த்திராத பொருள். முட்டை என்றால் கூடையில் வைக்கோலோ உமியோ போட்டு அடுக்குவதுதான் வழக்கம். நசுங்கின அட்டைகளை ஆபீசில் கொளுத்தப் போனார்களாம். அண்ணி ஒருநாள் பேச்சுவாக்கில் கேள்விப்பட்டு, “கொளுத்துறதா? இங்கிட்டுக் கொண்டாங்க” என்று சொல்லிவிட்டாள். அண்ணன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து நின்ற நேரம், வாசலில் அம்மா.

“என்னடா இது, பணியாரச் சட்டி மாதிரி?”

அண்ணன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட ஆரம்பித்தான். அண்ணிதான் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். “பல்பு வச்சு வர்ற அட்டைங்க அத்தை. ஆபீசுக்குக் கரண்டு இழுத்திருக்காங்கல்ல.”

“பல்பு இம்புட்டுக் குழிக்குள்ள எப்படி உக்காரும்?”

“தலைகீழா வைப்பாங்க அத்தை.”

பல்பு அண்ணிக்கு எங்கிருந்து வந்தது என்றால், குஞ்சுகளுக்குச் சூடு காட்ட அங்கே பல்பு எரியவிடுவதை அண்ணன் சொல்லியிருந்தான். நல்ல பொய்க்கு அடியில் எப்போதும் கொஞ்சம் உண்மை இருக்கும்.

அம்மா ஓர் அட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் காகிதக் கூழ் புதிதில்லை. பழைய பேப்பரை ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து உரலில் ஆட்டி, பானையின் முதுகில் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வோம். “வெந்தயமே போடலியே. பூச்சி அரிச்சிரும். வெள்ளைக்காரனுக்கு இதெல்லாம் எங்க தெரியுது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அட்டைக்கு வீட்டுக்குள் அனுமதி கொடுத்தாள்.

அண்ணியின் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குச் சமையல் சுமார்தான். ரசம் வைத்தால் அது புளித்தண்ணீரா ரசமா என்று சாப்பிடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கையில் ஒரு துண்டு அட்டை கிடைத்தால் போதும். குழிகளைத் தனித்தனியாக வெட்டி, ஓரத்தை ஈரப்படுத்தி நகத்தால் நிமிண்டித் தாமரை செய்தாள். கோரைப்பாய்க்குப் போடுகிற சாயப்பொடியை வாங்கிக் கரைத்து வர்ணம் தீட்டினாள். பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் கலந்த மைதாப் பசையால் அவற்றை ஒட்டி வாசலுக்குத் தோரணம் கட்டினாள். மிளகாய் விதை ஊன்ற ஓர் அட்டை, பொத்தானும் பாசிமணியும் போட்டுவைக்க ஓர் அட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு அட்டைகளை வெட்டி இணைத்து அடியில் துணி ஒட்டி அம்மாவுக்கு ஒரு பல்லாங்குழி. அம்மா தினமும் மத்தியானம் அதில் புளியங்கொட்டையைப் போட்டு ஆடுவாள். “மரப் பலகையில கொட்டை தெறிக்கும். இதுல பொத்துனாப்புல உக்காருது” என்று மெச்சிக்கொள்வாள். நானும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். பார்த்தால் தொலைந்தோம்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு அண்ணி ஒரு காரியம் செய்தாள். கொலுப்படிக்குக் கீழே வழக்கமாக மணலைக் கொட்டிக் கேழ்வரகு முளைக்கவிட்டுப் பூங்கா வைப்போம். அண்ணி அட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி இறக்கி, இடுக்குகளில் பசை ஊற்றி, சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து பூசிவிட்டாள். மொட்டை மொட்டையாக, வழுவழுவென்று, சாம்பல் நிறத்தில் பாறைகள் எழும்பி நின்றன. உச்சியில் மண்ணில் பிடித்த சின்னக் கோயில். சாட்சாத் நார்த்தாமலை! திருச்சி பஸ்ஸில் போகும்போது பார்க்கிறதைப் பெயர்த்து எடுத்து வைத்தாற்போல இருந்தது. அடிவாரக் குளத்தில் அட்டைத் தாமரைகள். தெருப் பெண்கள் சுண்டலுக்கு வருவதை மறந்து மலையைப் பார்க்க வந்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க மருமக கை வேலை” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்த ஒன்பது நாளும் ரசத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

எனக்கு முன்பே இரண்டு இடங்கள் கூடிவருவது போல வந்து நழுவியிருந்தன. தகப்பன் இல்லாத பெண் என்று பேச்சு. அம்மா வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றாலும், ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். இந்த இடம் கீரனூர். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அப்பா பத்திர ஆபீசில் எழுத்தர். “ரொம்ப ஆசாரமான குடும்பம். வெங்காயங்கூட வெள்ளிக்கிழமை சேக்க மாட்டாங்களாம்” என்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். முதலில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கொலு பார்க்கிற சாக்கில் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

இங்கே அண்ணன் எங்களுக்குச் சொல்லிச் சிரிக்கிற ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். பண்ணையில் சேர்கிற முட்டைகளைச் சனிக்கிழமை காலையில் ஆபீஸ் வாசலிலேயே விற்பார்களாம். வாராவாரம் தவறாமல் ஒரு பெரியவர் சைக்கிளில் வருவாராம். நெற்றி நிறைய விபூதி, கையில் மஞ்சள் பை. நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “கூட வேலை பாக்குறவருக்கு ஒடம்பு முடியல தம்பி, அவருக்குத்தான்” என்பாராம். “அந்த ஒடம்பு முடியாதவரு ரெண்டு வருஷமா முடியாமலே இருக்காரு” என்று அண்ணன் சொல்லும்போது அண்ணி வாயில் முந்தானையை அடைத்துக்கொள்வாள். நாங்கள் அவருக்கு விபூதி மாமா என்று பேர் வைத்திருந்தோம்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்கு அது தெரியாது, பாருங்கள்.

அன்று சாயங்காலம் நான் உள்ளே பட்டுப்பாவாடை தாவணியோடு வியர்த்துக்கொண்டு நிற்கிறேன். வாசலில் “வாங்க, வாங்க” என்று அம்மாவின் குரல். அண்ணன் வரவேற்கப் போனவன், போன வேகத்தில் அடுப்படிக்குத் திரும்பி வந்து சுவரில் சாய்ந்தான்.

“என்னங்க?” என்றாள் அண்ணி.

“விபூதி மாமா” என்றான்.

நான் கதவிடுக்கில் பார்த்தேன். ஜமக்காளத்தில் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர். அண்ணனை அவரும் பார்த்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. கொலுவின் மேல்படியில் இருந்த தசாவதாரத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆழ்ந்த பக்தி என்று அம்மா நினைத்திருப்பாள்.

நான் போய் நமஸ்காரம் செய்து, காபி கொடுத்து, ஓரமாக உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா வட்ட முகம், பெரிய மூக்குத்தி. என்னைப் பார்த்து அன்பாகத்தான் சிரித்தார். அடுத்த நொடி பார்வை கீழே போய்விட்டது.

“அட, நார்த்தாமலை! பஸ்ஸுல இப்பத்தான் பாத்துக்கிட்டு வந்தோம். இது எதுல செஞ்சது?”

“எங்க மருமக செஞ்சா. காயிதக் கூழ் அட்டைங்க” என்றாள் அம்மா.

அந்த அம்மாள் குனிந்து உற்றுப் பார்த்தார். “இது எங்க வீட்லயும் இருக்கே! இவங்க ஆபீஸ்லேருந்து கொண்டாருவாங்க. இங்க் பாட்டில் வச்சு வர்ற அட்டை. நான் அதுல கார்த்திகை அகலெல்லாம் அடுக்கி வச்சிருக்கேன்.”

விபூதி மாமா காலி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

பின்னால் தெரிந்துகொண்டது இது. அவர் முட்டையைக் கீரனூரில் ஒரு மெஸ்ஸில் கொடுத்து அங்கேயே ஆம்லெட் போடச் சொல்லிச் சாப்பிட்டுவிடுவார். வெங்காயம் வெள்ளிக்கிழமைதான் ஆகாது, ஆம்லெட் சனிக்கிழமை. அதோடு முட்டை வைத்துக் கொடுத்த அட்டையையும் தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொருளை வீணாக்க மனசு வராத மனிதர். அந்த நல்ல குணம்தான் அவரைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது.

“இங்க் பாட்டிலா? இல்லைங்களே, இது பல்பு வச்சு வர்றதாச்சே” என்றாள் அம்மா.

“இல்ல இல்ல, இங்க் பாட்டில்தான். இவங்களே சொன்னாங்க. என்னங்க, சொல்லுங்களேன்.”

“ம்... எது வேணாலும் வைக்கலாம்” என்றார் விபூதி மாமா, மச்சாவதாரத்திடம்.

இந்த இடத்தில் வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். அம்மாவுக்கு ஒரு விஷயம் தீராமல் இருந்தால் தூக்கம் வராது. “பாத்துருவோமே” என்று எழுந்து, தன் பல்லாங்குழியை எடுத்துவந்து நடுவில் வைத்தாள். புளியங்கொட்டைகளை முந்தானையில் வழித்துக்கொண்டாள். “ஏத்தா, ஒன் இங்க் பாட்டிலை எடுத்தா” என்றாள் என்னிடம்.

கொண்டுவந்தேன். சதுர பாட்டில். குழிக்குள் போகாமல் மேலே நொண்டிக்கொண்டு நின்றது.

“பாத்தீங்களா? செண்பகம், பரண்ல பீஸ் போன பல்பு ஒண்ணு கிடந்துச்சே, எடுத்துக்கிட்டு வா.”

அண்ணி வந்தாள். துடைத்த பல்பையே திரும்பத் துடைத்து நீட்டினாள். அம்மா பல்பைத் தலைகீழாக வைத்துப் பார்த்தாள். உருண்டது. நேராக வைத்துப் பார்த்தாள். கழுத்தை நீட்டிக்கொண்டு சாய்ந்து விழுந்தது.

“இதுவும் இல்லையே” என்றார் அந்த அம்மாள். பேசிக்கொண்டே அவர் கை தாம்பூலத் தட்டுக்குப் போயிற்று. அதில் வல்லத்திராக்கோட்டைத் தோட்டத்து எலுமிச்சம்பழங்கள், நாட்டுப் பழம், கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும். ஒன்றை எடுத்துக் குழியில் வைத்தார்.

கச்சிதமாக உட்கார்ந்தது.

பக்கத்துக் குழியில் இன்னொன்று வைத்தார். அதுவும் உட்கார்ந்தது. இரண்டு பழங்களும் வரிசையாக, பாதி மூழ்கி, பாதி தெரிந்துகொண்டு...

வாசலில் குழந்தைகள் சுண்டலுக்குச் சண்டை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மாள் மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் கணவரைப் பார்த்தார். அவர் தசாவதாரத்தில் பத்தாவது அவதாரத்துக்கு வந்திருந்தார். அதற்குமேல் பார்க்க அவதாரம் இல்லை. என் அம்மா அடுப்படிக் கதவைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் அண்ணனின் வேட்டி நுனி தெரிந்தது. பிறகு அண்ணியைப் பார்த்தாள். பிறகு என்னை. என்னைத்தான் நிறைய நேரம் பார்த்தாள்.

போச்சு, இந்த இடமும் போச்சு, அண்ணன் வேலையும் போச்சு, அண்ணியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாள் என்றெல்லாம் எனக்குள் ஓடியது.

அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“இது எலுமிச்சம்பழம் வைக்கிற அட்டை போலருக்குங்க” என்றாள்.

அந்த அம்மாள் மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டார். என் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்தப் பார்வையை நான் இன்றுவரை வேறெங்கும் பார்க்கவில்லை.

“ஆமாமா. எலுமிச்சம்பழ அட்டைதான். எங்க வீட்லயும் எலுமிச்சம்பழம் நெறையத்தான் செலவாகுது போலருக்கு” என்றார்.

விபூதி மாமாவுக்குப் புரையேறியது. அண்ணன் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தான். அன்று மாலையில் அவன் ஹாலுக்குள் வந்தது அப்போதுதான்.

அவர்கள் பஸ் ஏறிப் போனதும் அம்மா கொலுவுக்கு விளக்கேற்றினாள். பிறகு தூணோரம் உட்கார்ந்து, “சிதம்பரம், இங்க வா” என்றாள். அண்ணன் வந்து கைகட்டி நின்றான்.

“எத்தனை நாளா?”

“சேந்ததுலேருந்தேம்மா.”

அம்மா அவனைத் திட்டவில்லை. அண்ணியைப் பார்த்து, “அவன் ஆம்பள, பயந்து மறைச்சான். ஒனக்கு எங்கிட்ட என்னத்தா பயம்? எனக்குச் சொல்லணும்னு ஒங்க மூணு பேருக்கும் தோணவே இல்லையா?” என்றாள். நாங்கள் அம்மாவைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள்ளேயே அவளைத் தனியாக விட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணி அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

“வேலைய விட்டுரவாம்மா?” என்றான் அண்ணன்.

“விட்டுட்டு? அந்தக் குஞ்சுகள யாரு பாப்பா?” என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வந்ததும் கொல்லைக் கிணத்துல குளிச்சிட்டு உள்ள வா. அம்புட்டுத்தான்.”

“மலையை எடுத்துடட்டுமா அத்தை?” என்று அண்ணி விசும்பலோடு கேட்டாள்.

“வச்ச கொலுவை நடுவுல கலைக்கிற வழக்கம் நம்ம வீட்ல இல்ல.”

இரண்டு நாள் பல்லாங்குழி மூலையில் கிடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் புளியங்கொட்டைச் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். “புளியங்கொட்டை என்ன பாவம் பண்ணுச்சு” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

விஜயதசமி முடிந்து கீரனூரிலிருந்து ஆள் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, நாள் பார்க்கலாம்; கூடவே, அண்ணி கையால் செய்த தாமரை இரண்டு கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னார்களாம். அன்று அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

அப்படித்தான் நான் விபூதி மாமாவுக்கு மருமகளானேன். மாமாவும் அத்தையும் அந்தக் கொலுவைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் மாமா சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்ததும், அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்: “பையை எடுத்துக்கிட்டீங்களா? எலுமிச்சம்பழம் தீந்துபோயிருக்கும்ல.” மாமா காது கேட்காதவர்போல மணியை மட்டும் ஒரு தரம் அடித்துவிட்டுக் கிளம்புவார். என் கணவர் எனக்குச் சொன்ன முதல் ரகசியம் அவருக்கும் இது தெரியும் என்பதுதான். அந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

அன்று அந்த ஹாலில் இருந்தவர்களில் இப்போது நான் மட்டும்தான் மிச்சம். மாமாவும் அத்தையும் ஒரே வருஷத்தில் போனார்கள். அண்ணன் வேலை மாற்றலில் ஊர் ஊராகத் திரிந்து கடைசியில் மதுரையில் முடிந்தான். செண்பகம் அண்ணி போன தை மாதம். புதுக்கோட்டை வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். கொலு பொம்மைகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து, எங்களிடம் வந்தவை பரணில் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று எனக்கே தெரியாது. திட்டமும் பண்ணையும் என்றைக்கோ போயாயிற்று.

இவ்வளவு காலம் தோன்றாத ஒன்று இப்போது கொஞ்ச நாளாகத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அண்ணனுடைய சட்டைகளை அம்மாதான் துவைப்பாள். மருமகள் வந்த பிறகும் அந்த ஒரு வேலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு சட்டையாக உதறி, பைக்குள் கைவிட்டுப் பார்த்து, கழுத்துப் பட்டையை முகர்ந்துவிட்டு, கிணற்றடிக் கல்லில் வைத்துக் கும்முவாள். பகல் முழுவதும் கோழிகளுக்கு நடுவில் நின்றவனின் சட்டை. தீவனத் தூசும் அந்த வாடையும் இருந்திருக்கும். பையில் எப்போதாவது ஒரு வெள்ளை இறகு இருந்திருக்காதா? பயிர் பச்சை பார்க்கிற வேலையில் இறகு எங்கிருந்து வரும் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லையே.

யாரைக் கேட்பது? இப்போது துணிக்கு மெஷின் இருக்கிறது. வீட்டில் எல்லோருடையதையும் ஒன்றாக அள்ளிப் போட்டு மூடிவிடுகிறோம். யார் சட்டையில் என்ன ஒட்டிக்கொண்டு வந்தது என்று பார்ப்பவர் ஒருவரும் இல்லை.